எவ்வளவு குறைக்கலாம்?

சைனஸ் அறுவைக்கு மூக்கினுள் நுழையும் எண்டோஸ்கோப்பின் குறுக்களவு 4 மில்லிமீட்டர். அதன் கண்ணாடி நுனியில் ஒரே ஒரு சொட்டு ரத்தம் பட்டால் போதும், திரை முழுக்கச் சிவந்துவிடும். சர்ஜன் அதை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, விட்ட இடத்தைத் தேட வேண்டும். வயிற்று அறுவையில் அரை டம்ளர் ரத்தம் போனால் யாரும் பதற மாட்டார்கள். மூக்கில் ஒரு தேக்கரண்டி ரத்தம் வேலையையே நிறுத்திவிடும். இடமும் சாதாரண இடம் இல்லை. பக்கவாட்டில் மிக மெல்லிய எலும்புத் தகடு, அதற்கு அப்பால் கண். கூரையில் இன்னொரு மெல்லிய எலும்பு, அதற்கு மேல் மூளை. பின்கோடியில் பார்வை நரம்பும் மூளைக்குப் போகும் பெரிய தமனியும். இங்கே பார்வை மங்கினால் விலை கொடுப்பவர் நோயாளி. அதனால்தான் மூக்கு அறுவையில் ரத்தத்தைக் குறைக்கும் பொறுப்பில் பாதி, மயக்க மருந்து கொடுப்பவரின் தலையில் விழுகிறது. அந்தப் பாதியைத்தான் நான் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நான் சிம்பாங் அம்பாட்காரன். பினாங்குத் தீவில் உள்ள ஒரு மருத்துவமனையில் மயக்கவியல் பயிற்சி. 2014இல் இரண்டாம் பாலம் திறந்த பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தீவு வேலை எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. பத்து காவானில் ஏறினால் பத்து மாவோங்கில் இறங்கலாம். விடிவதற்குள் கிளம்பி, ஓ.டி. உடுப்பு மாற்றி, மெஷினைச் சோதித்து, மருந்துகளை ஊசியில் ஏற்றிப் பெயரொட்டி வைக்கும்போது, முதல் நோயாளி பச்சைத் தொப்பியுடன் வாசலில் வந்து நிற்பார்.

எனக்குச் சொல்லிக்கொடுக்கும் டாக்டர் ஒரு தமிழ்ப் பெண்மணி. ஓ.டி.யில் மலாய், ஆங்கிலம், ஹொக்கியன் எல்லாம் கலந்து ஓடும். எனக்குப் பாடம் நடத்தும்போது மட்டும் அவர் தமிழுக்கு மாறுவார். மூக்கு அறுவைகளுக்கு என்னை முதலில் போட்ட அன்று நான் நேரே மானிட்டர் பக்கம் போய் நின்றேன். எண்கள் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன.

"அங்க எதுக்கு நிக்கிற தம்பி? சர்ஜனோட திரையப் பாரு. பிரஷரு எத்தனைன்னு அப்புறம் பார்ப்போம். முதல்ல ரத்தம் எங்கேருந்து வருதுன்னு சொல்லு" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல எனக்கு நிறைய நாள் பிடித்தது. மூக்கில் ரத்தம் மூன்று வழியில் வரும். தமனி கசிந்தால் துடிப்போடு, பளீர் சிவப்பாகப் பீய்ச்சும். சிரைகளிலிருந்து வந்தால் கருஞ்சிவப்பாக, துடிப்பில்லாமல் ஊறி நிறையும். நுண்குழாய்களிலிருந்து வந்தால் எந்த இடம் என்று காட்டவே முடியாது, சளிச்சவ்வு முழுக்கப் பொடிப்பொடியாக ஈரம் கட்டும். சைனஸ் அறுவையில் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. அழுத்தத்தைக் குறைத்தால் தமனி அடங்கும். சிரைக்கு மருந்தைவிடப் படுக்கையின் சாய்வு முக்கியம். நுண்குழாய்க் கசிவோ குழாய்கள் விரிந்திருக்கின்றனவா சுருங்கியிருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. ஆக, பிரஷரை மட்டும் இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் மூன்றில் ஒன்றைத்தான் கவனித்திருக்கிறார்.

அழுத்தத்தைக் குறைத்து அறுவை செய்யும் யோசனைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. மூளை அறுவையின் முன்னோடி ஹார்வி குஷிங் 1917இல் இதைப் பேசினார். 1946இல் கார்ட்னர் என்பவர் தமனியிலிருந்து ரத்தத்தையே வடித்து எடுத்து, அழுத்தம் இறங்கியதும் அறுவையை முடித்து, பிறகு அதே ரத்தத்தைத் திரும்ப ஏற்றினார். இதை முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ரத்தம் போகக் கூடாது என்பதற்காக முதலிலேயே ரத்தத்தை வடிப்பது! 1948இல் எடின்பரோவில் கிரிஃபித்ஸும் கில்லீஸும் முதுகுத்தண்டில் மருந்தை மிக உயரம்வரை ஏற்றி அதே விளைவைக் கொண்டுவந்தார்கள். 1950இல் இங்கிலாந்தின் எண்டர்பி பென்டாமெத்தோனியம் என்ற மருந்தையும் படுக்கைச் சாய்வையும் சேர்த்துப் பயன்படுத்தினார். அறுவைக் களம் அதிசயமாக உலர்ந்தது. கூடவே மரணங்களும் பக்கவாதங்களும் பதிவாயின. அந்தப் பத்தாண்டிலேயே எச்சரிக்கைக் கட்டுரைகள் வந்துவிட்டன. அன்று எழுந்த கேள்விதான் இன்றும் எங்கள் முன்னால் நிற்கிறது: களம் உலர்வதற்காக மூளையிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்?

இந்த வேலையில் பாதி, முந்தைய நாள் வார்டிலேயே முடிந்துவிட வேண்டும் என்பது டாக்டரின் பிடிவாதம். ஒருமுறை எங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பார்க்கப் போனேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட லாரி ஓட்டுநர், இரண்டு மூக்கிலும் சதை வளர்ந்து வாயால்தான் மூச்சு.

"மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா, அண்ணே?"

"ஒண்ணும் இல்ல தம்பி. பிரஷரு மாத்திரை மட்டும்தான். அதுவும் தலை சுத்துனா."

"மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, அந்த மாதிரி?"

"அது மருந்தா? அது வீட்டுக்காரி தினம் கொடுப்பா. இதயத்துக்கு நல்லதுன்னு."

பூண்டு மாத்திரையும் மீன் எண்ணெயும் பலருக்கு மருந்துக் கணக்கிலேயே வராது. பூண்டுச் சத்து ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதைத் தளர்த்தக்கூடியது. ஆஸ்பிரின் என்றால் கேட்கவே வேண்டாம். மூக்கில் சதையும் ஆஸ்துமாவும் சேர்ந்திருப்பவரிடம் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளுமா என்று கட்டாயம் கேட்க வேண்டும். அந்த மூன்றும் ஒரே உடம்பில் கூடுவது உண்டு, அப்படிப்பட்டவருக்கு அறுவைக்குப் பிறகு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்தைக் கொடுத்தால் மூச்சுக்குழல் இறுகிவிடலாம். இந்த அண்ணனுக்கு ஆஸ்துமா இல்லை. ஆனால் "தலை சுத்துனா" மட்டும் பிரஷர் மாத்திரை என்பது எனக்குப் பெரிய செய்தி. அவருடைய உடம்பு எந்த அழுத்தத்துக்குப் பழகியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது என்று அதற்குப் பொருள். வார்டு மிஸ்ஸி எடுத்து வைத்திருந்த அளவுகளை எல்லாம் பார்த்தேன். 160ஐ ஒட்டியே நின்றது. அவருடைய அறுவை அன்று நடக்கவில்லை. மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொண்டு சில வாரம் கழித்து வரச் சொன்னோம். மூக்குச் சதை காத்திருக்கும். அதற்குள் சதை கொஞ்சம் சுருங்கட்டும் என்று ஈ.என்.டி. டாக்டர்கள் ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார்கள். சுருங்கிய சதை குறைவாகக் கசியும்.

புறப்படும்போது இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினேன். அறுவை நாளன்று காலையில் பசியாறாமல் வர வேண்டும். விழிக்கும்போது மூக்கில் பஞ்சு அடைத்திருக்கும், வாயால்தான் மூச்சுவிட வேண்டும். இரண்டாவதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், விழித்ததும் மூச்சு முட்டுகிறது என்று பதறி எழுந்து உட்காருவார்கள். அந்தப் பதற்றத்தில் பிரஷர் எகிறும், அடங்கியிருந்த ரத்தம் மறுபடி வரும்.

ஓ.டி.க்குள் வந்தபின் எங்கள் முறை இப்படி. மயக்கத்தை வாயுவில் நடத்தாமல், பால்போல் வெளுத்த புரோபோஃபாலையும் ரெமிஃபென்டானிலையும் இரண்டு பம்புகளில் சிரை வழியாகவே ஓடவிடுகிறோம். வயது, எடை, உயரம் கொடுத்தால் எந்த வேகத்தில் செலுத்த வேண்டும் என்று பம்பே கணக்கிட்டுக்கொள்ளும். வாயு ஏன் வேண்டாம்? செவோஃப்ளூரேன் போன்றவை ரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தைக் குறைக்கின்றன. முன்பு பெரிதும் பயன்பட்ட நைட்ரோபுருசைடும் அப்படித்தான். வாய்க்காலை அகலமாக வெட்டிவிட்டு மடையில் நீர் குறைந்ததைப் பார்த்து மகிழ்வது போன்ற வேலை அது. மானிட்டரில் எண் அழகாக இறங்கும், சளிச்சவ்வு மட்டும் ஊறிக்கொண்டே இருக்கும்.

இதைத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்க மருத்துவர் பூசார்ட். 1995இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு நைட்ரோபுருசைடையும் எஸ்மோலாலையும் ஒப்பிட்டது. எஸ்மோலால் இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து, குழாய்களை விரிக்காது. அதைப் பெற்றவர்களுக்கு அழுத்தத்தை அதிகம் இறக்காமலேயே களம் நன்றாக உலர்ந்திருந்தது. அந்த ஆய்வில் அவர்கள் பயன்படுத்திய மதிப்பெண் முறை இன்று உலகெங்கும் புழங்குகிறது. பூஜ்யம் என்றால் ரத்தமே இல்லை. ஒன்றில் லேசான கசிவு, உறிஞ்ச வேண்டியதில்லை. இரண்டில் எப்போதாவது உறிஞ்ச வேண்டும். மூன்றில் அடிக்கடி உறிஞ்ச வேண்டும், சக்‌ஷனை எடுத்த சில நொடியில் களம் மறையத் தொடங்கும். நான்கில் எடுத்த உடனே மறையும். ஐந்தில் அறுவையே நடக்காது. எங்கள் டாக்டர் அறுவையின் நடுவில் திடீரென்று என்னிடம், "இப்ப எத்தனை?" என்று கேட்பார். நான் சொன்ன பிறகு சர்ஜனிடம் கேட்பார். ஆரம்பத்தில் நான் சொல்வது எப்போதும் ஒன்று குறைவாகவே இருக்கும். மருந்து கொடுக்கும் கைக்குத் தன் வேலை நன்றாக நடப்பதாகவே தோன்றும் போலிருக்கிறது. அதனால்தான் சர்ஜனின் எண்ணைக் கேட்டு எழுதுகிறோம்.

நாடித்துடிப்பை நிமிடத்துக்கு அறுபதை ஒட்டி வைப்பது, அழுத்தத்தை இன்னும் பத்துப் புள்ளி இறக்குவதைவிடப் பயன் தருகிறது என்பதைத் திரையிலேயே பலமுறை பார்த்துவிட்டேன். ரெமிஃபென்டானில் இதற்கு மிக ஏற்ற மருந்து. ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள நொதிகளே அதைச் சிதைத்துவிடுவதால், பம்பை நிறுத்திய சில நிமிடங்களில் விளைவு போய்விடும். தவறினால் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது என்பதே இந்த வேலையில் பெரிய ஆறுதல். ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லா மயக்க மருந்தும் சிரை வழியாகவே போவதால், ஊசி ஏற்றிய இடம் துணிக்கடியில் நழுவிவிட்டால் நோயாளி அறுவையின் நடுவில் விழித்துக்கொள்ளக்கூடும். அதனால் அந்தக் கையை எங்கள் கண்ணில் படும்படி வைக்கிறோம், நெற்றியில் மூளை அலைகளை அளக்கும் பட்டையும் ஒட்டுகிறோம். நோயாளியின் கண்களைத் துணியால் மூடுவதில்லை. சர்ஜன் அவ்வப்போது கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்குழிக்குள் ரத்தம் கட்டத் தொடங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது வெளியே தெரியும் அந்த வீக்கம்தான்.

அட்ரினலின் நனைத்த பஞ்சுத் திரிகளை சர்ஜன் மூக்கில் அடைக்கும் நேரம் தனிப் பாடம். குழாய்களை அந்த இடத்திலேயே சுருக்குவது அதுதான், நாங்கள் செய்யும் எல்லாவற்றையும்விட அதன் பலன் அதிகம். திரி வைத்ததும் அவசரப்படாமல் பத்து நிமிடம் காத்திருக்கும் சர்ஜனுக்குக் களம் நிச்சயம் உலர்வாகக் கிடைக்கும். ஆனால் கொஞ்சம் மருந்து உடம்புக்குள் போய்ச் சேர்ந்தால் அழுத்தம் திடீரென்று 180, 200 என்று ஏறலாம். அதைப் பார்த்ததும் கை தானாக பீட்டா தடுப்பு மருந்தை நோக்கிப் போகும். போகக் கூடாது. குழாய்கள் இறுகிய நிலையில் இதயத்தின் வலுவையும் குறைத்துவிட்டால், அது தள்ள முடியாமல் திணறும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஃபினைலெஃப்ரின் என்ற இதே வகை மருந்துக்குப் பிறகு இப்படி நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து, நியூயார்க் மாநிலக் குழு ஒன்று வகுத்த வழிகாட்டுதல் 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அது சொல்வது எளிமையானது: ஏற்றம் தானாக இறங்கக்கூடியது, கவனித்துக் காத்திரு. தேவையென்றால் மயக்கத்தை ஆழப்படுத்து. அப்படி ஒருநாள் அழுத்தம் ஏறியபோது டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கையை எடு. திரியை எடுக்கச் சொல்லு. எண்ணைப் பாரு, தொடாத" என்றார். புரோபோஃபாலை மட்டும் சற்றுக் கூட்டினோம். சில நிமிடங்களில் அது இறங்கியது. தொடாமல் நிற்பதற்குப் பயிற்சி வேண்டும் என்பதை அன்று அறிந்தேன்.

படுக்கையின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 பாகை உயர்த்துவது செலவில்லாத மருத்துவம். சிரை ரத்தம் தானாக இறங்கி, சளிச்சவ்வின் தடிப்பு குறையும். ஆனால் இங்கேதான் நான் இதுவரை கற்றதிலேயே முக்கியமான கணக்கு இருக்கிறது. டாக்டர் சட்டைப் பையில் ஒரு சிறிய அளவு நாடா வைத்திருப்பார். தலையை உயர்த்திய ஒரு நோயாளியின் மார்பு மட்டத்திலிருந்து காதுத் துளை மட்டம்வரை செங்குத்தாகப் பிடித்து அளந்தார். 13 சென்டிமீட்டர்.

"கை பட்டையில எத்தனை?"

"சராசரி 65, டாக்டர்."

"மூளைக்கு?"

ரத்தம் மேலே ஏற வேண்டிய ஒவ்வொரு 13 சென்டிமீட்டருக்கும் 10 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் குறையும். கையில் 65 என்றால் மூளையின் அடித்தளத்தில் 55. பட்டை காட்டுவது கையின் அழுத்தத்தை. அறுவையின் சிக்கல் இருப்பது தலையில். இந்தச் சராசரி அழுத்தத்தை எளிதாகக் கணக்கிடலாம்: கீழ் எண்ணோடு, மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒன்றைக் கூட்ட வேண்டும். 120க்கு 80 என்றால் 93. 90க்கு 50 என்றால் 63. பாடநூல்கள் இளம் வயது ஆரோக்கியமானவர்களுக்கு 60 முதல் 70வரை இறக்கலாம் என்கின்றன. ஆனால் அந்த 60 எங்கே அளந்த 60?

மூளை தன் ரத்த ஓட்டத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும், அழுத்தம் 50வரை இறங்கினாலும் தாங்கும் என்று 1959இல் லாசன் வரைந்த வளைகோடு பல தலைமுறை மாணவர்களுக்கு மனப்பாடம். பின்னால் வந்தவர்கள் அந்தக் கீழ் எல்லை பலருக்கு 70ஐ ஒட்டியே இருக்கலாம், ஆளுக்கு ஆள் மாறும் என்று காட்டினார்கள். பல வருடம் உயர் அழுத்தத்தோடு வாழ்ந்தவருக்கு எல்லை இன்னும் மேலே. மூளை மட்டும் இல்லை. 2013இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 33,330 அறுவைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, சராசரி அழுத்தம் 55க்குக் கீழே சில நிமிடங்கள் இருந்ததே சிறுநீரக, இதயப் பாதிப்போடு தொடர்புடையதாகத் தெரிந்தது. மூக்குச் சதை உயிரை எடுக்கும் நோய் இல்லை. அதற்கான அறுவையில் ஒருவருடைய சிறுநீரகத்தைப் பணயம் வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். களம் உலரவில்லையென்றால் அழுத்தத்தைத் தவிர எத்தனையோ வழி இருக்கிறது: துடிப்பைக் குறைக்கலாம், படுக்கையைச் சாய்க்கலாம், திரியை மாற்றி வைத்துக் காத்திருக்கலாம், ஜப்பானிய ஒகாமோட்டோ தம்பதியர் 1962இல் உலகுக்கு அறிவித்த டிரானெக்ஸாமிக் அமிலத்தைக் கொடுக்கலாம். கடைசியாகத்தான் எண்ணில் கை வைக்க வேண்டும்.

முடிக்கும் நேரத்தையும் டாக்டர் சுருக்க விடமாட்டார். பஞ்சு அடைப்பதற்கு முன் அழுத்தத்தைப் பழைய நிலைக்கு ஏற்றி, சர்ஜனை ஒருமுறை பார்க்கச் சொல்வோம். குறைந்த அழுத்தத்தில் ஒளிந்திருந்த கசிவு அப்போது வெளிப்படும். இல்லையென்றால் நள்ளிரவில் வார்டில் வெளிப்படும். பிறகு தொண்டையில் வைத்த துணியை எடுத்து, எடுத்ததை உரக்கச் சொல்லிப் பலகையில் குறிக்க வேண்டும். அதற்குப் பிறகும் மென்னண்ணத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத மடிப்பில், ஒரு ரத்தக்கட்டி தங்கியிருக்கலாம். சுவாசக் குழாயை எடுத்ததும் அது மூச்சுக்குழலுக்குள் விழுந்து ஆளைக் கொன்றுவிடலாம். அதனால் கழுத்தைச் சற்று மடக்கி, சக்‌ஷன் நுனியை மேல்நோக்கி வளைத்து அந்த மடிப்பைத் துழாவ வேண்டும். ஒருமுறை அப்படித் துழாவியபோது கட்டைவிரல் அளவுக் கட்டி வந்தது. வாயைத் திறந்து பார்த்தபோது எல்லாம் சுத்தமாகவே தெரிந்திருந்தது. இருமல் இல்லாமல் எழுப்புவதும் இதே வரிசையில்தான். ரெமிஃபென்டானிலை அறவே நிறுத்தாமல் மிகச் சிறிய அளவில் ஓடவிட்டுக்கொண்டே, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண் திறந்ததும் குழாயை எடுக்கிறோம்.

அண்மையில் ஒரு மூதாட்டி வந்தார். கன்னத்து சைனஸில் பூஞ்சைக் கட்டி. சில வருடங்களுக்கு முன் லேசான பக்கவாதம், பிரஷர், சர்க்கரை. மயக்கம் கொடுப்பதற்கு முன் டாக்டர் என்னைப் பார்த்து, "எவ்வளவு வரைக்கும் இறக்கலாம்? நீயே சொல்லு" என்றார். மூதாட்டியின் வழக்கமான சராசரி அழுத்தம் 100ஐ ஒட்டி இருந்தது. 80க்குக் கீழே விட மாட்டேன், தலையையும் பத்துப் பாகைக்கு மேல் உயர்த்த மாட்டேன் என்றேன். சீன சர்ஜன் ஒரு கணம் யோசித்தார். கட்டியை மட்டும் எடுக்கிறேன், வளைந்த நடுச்சுவரை இன்று தொட வேண்டாம் என்றார். திரிகளை வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நாடித்துடிப்பு அறுபதுக்குச் சற்று மேலேயே நின்றது.

களம் முழுக்க உலரவில்லை. நடுவில் கேட்டபோது நானும் மூன்று என்றேன், சர்ஜனும் மூன்று என்றார். அடிக்கடி உறிஞ்சி, இரண்டு முறை திரி மாற்றி, கட்டியை எடுத்து முடித்தார். பாட்டி விழித்ததும் இரண்டு கையாலும் என் விரல்களை அழுத்தச் சொல்லிப் பார்த்தேன், இரண்டு காலையும் தூக்கச் சொன்னேன். பதிவேட்டில் மூன்று என்று எழுதி, அழுத்தத்தை 80க்குக் கீழே இறக்காததற்கான காரணத்தையும் அதன் கீழே எழுதினேன். டாக்டர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.